நாற்பதும் ஆறும்

கப்பலோட்டிய தமிழன் என்றவுடன் நம் மனக்கண்ணில் இரண்டு காட்சிகள் எழுகின்றன. ஒன்று, தூத்துக்குடித் துறையை நோக்கி வரும் சுதேசிக் கப்பல். மற்றொன்று, கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கைத் தன் தோளால் இழுக்கும் மனிதர். 1961-ல் வெளிவந்த திரைப்படம் இவ்விரண்டையும் தமிழர் நெஞ்சில் ஆழப் பதித்துவிட்டது. ஆனால் கப்பலிலிருந்து செக்குக்குப் போகும் வழியில் ஓர் அறை இருக்கிறது. அது திருநெல்வேலிச் செசன்சு நீதிமன்றம். வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்வைப் பேசுகிறவர்கள் அந்த அறையை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நான் அங்கே சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

மாணவத் தோழர்களே! நான் சட்டம் பயின்றவனல்லேன். அளவைகளோடும் கருவிகளோடும் பொழுது போக்குகின்ற அறிவியல் மாணவன். ஆகவே இவ்வாழ்க்கையில் என்னை முதலிற் பிடித்து இழுத்தது ஓர் எண். நாற்பது ஆண்டு என்று ஒரு நீதிமன்றம் அளந்த தண்டனையை, நான்கே மாதங்களுக்குள் மற்றொரு நீதிமன்றம் ஆறு ஆண்டு என்று அளந்தது. குற்றம் அதே குற்றம். ஆளும் அதே ஆள். சாட்சிகளும் அவர்களே. நம் ஆய்வுக்கூடத்தில் ஒரே பொருளை இரண்டு தராசுகளில் வைத்து, ஒன்று நாற்பது என்றும் ஒன்று ஆறு என்றும் காட்டினால் நாம் பொருளைக் குறை சொல்வோமா? தராசைத்தானே திறந்து பார்ப்போம்?

சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மை. தந்தையார் வக்கீல். மகனும் தூத்துக்குடியிற் பள்ளிப்படிப்பும் திருச்சிராப்பள்ளியிற் சட்டப்படிப்பும் முடித்து, 1895-ல் சொந்த ஊரிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அவர் விரும்பி எடுத்துக்கொண்டவை கிரிமினல் வழக்குகள். ஏழைகளுக்காகக் கூலி வாங்காமலும் வாதாடினார். கிராமத்து நீதிமன்றத்திற் போலீசார் கொண்டுவரும் வழக்குகளை இவர் உடைத்துக்கொண்டே வந்தால் போலீசாருக்கு எப்படி இருக்கும்? பகை வளர்ந்தது. பகை முற்றுவதற்குள் மகனை வேற்றூருக்கு அனுப்பிவிடுவது நல்லது என்று தந்தையார் கருதினார். 1900-ல் சிதம்பரனார் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

இந்த ஐந்தாண்டுகளைப் பலர் ஒரு வரியில் தள்ளிவிடுவர். எனக்கோ இவை மிகவும் முக்கியமாகத் தோன்றுகின்றன. பின்னாளில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அந்தக் கூண்டை வெளியிலிருந்து நன்றாக அறிந்தவர். எந்தச் சாட்சி எப்படிச் சமைக்கப்படும், எந்த நீதிபதி எந்தச் சொல்லுக்குச் சினப்பார், எந்தப் பிரிவில் எவ்வளவு தண்டனை உண்டு என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அறியாமல் அகப்பட்டவர் அல்லர் அவர்.

கப்பற் கதை நம் எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனிதான் கடலை ஆண்டுகொண்டிருந்தது. அதற்கு எதிராக 1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே 8,000 பங்குகளை எடுத்து 2 லட்சம் ரூபாய் தந்தார். முதலில் வாடகைக்குக் கிடைத்த கப்பல்களை வெள்ளையர் கம்பெனி மிரட்டித் திரும்பப் பெறச் செய்தது. அதன் பின்னரே சிதம்பரனார் பம்பாய்க்குச் சென்று சொந்தக் கப்பலுக்கு வழி தேடினார். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் மட்டும் 1,300-க்கு மேற்பட்ட பயணிகள் ஏறலாம். எதிர்க்கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிச் செல்வதாகவும் குடை ஒன்று கூடத் தருவதாகவும் சொல்லிற்று. குடையின் விலையையும் கரியின் விலையையும் நட்டமாகத் தாங்கும் பண பலம் அதற்கு இருந்தது. சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது மக்கள் மனம் ஒன்றே.

அரசாங்கத்தின் பார்வை கப்பலோடு நிற்கவில்லை. 1908 பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். சிதம்பரனாரின் வீட்டில் தங்கினார். இருவரும் கடற்கரைக் கூட்டங்களிற் பேசினர். சிவாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, என் வயது. (இந்த ஓர் ஒற்றுமையை மட்டும் சொல்லிக்கொள்ளலாம், மற்றவற்றில் ஒற்றுமை தேடுவது ஆசை மிகுதி.) பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஓய்வு நாள் இல்லை, கூலி போதவில்லை, தொட்டதற்கெல்லாம் அடி என்பன அவர்கள் குறைகள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது; கூலி உயர்ந்தது; ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. கல்கத்தாவில் அரவிந்தரின் வந்தே மாதரம் பத்திரிகை இவ்வெற்றியைப் பாராட்டியது. கப்பலை நட்டம் காட்டி மூழ்கடிக்கலாம். மில் தொழிலாளர் எழுந்து நின்றால் என்ன செய்வது? இவ்வாறு அதிகாரிகள் நினைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனால் அடுத்து நடந்தவற்றின் வேகம் அவ்வூகத்துக்குத் துணை நிற்கிறது.

விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து மார்ச் 9-ல் விடுதலை பெற்றார். அந்நாளைக் கொண்டாடக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தனர்; மக்கள் கொண்டாடினர். கலெக்டர் விஞ்சு துரை திருநெல்வேலிக்கு அழைத்தார். மார்ச் 12-ல் சிதம்பரனாரும் சிவாவும் அவர்கள் தோழர் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி பொங்கி எழுந்தது. நகரசபை அலுவலகமும் தபால் நிலையமும் தீக்கிரையாயின. போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியிலும் கடைகள் அடைக்கப்பட்டன. தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. இந்நாளில் சிதம்பரனார் எங்கே இருந்தார்? சிறைக்குள் இருந்தார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்கே ஏர்பேட்டில் நம்மோடு உணவு விடுதியில் அமர்ந்து உண்ணும் ஆந்திர நண்பர்களுக்கு ஒரு செய்தி சொல்லலாம். திருநெல்வேலித் துப்பாக்கிச் சூட்டைக் கேட்டுக் கொதித்து எழுதிய பத்திரிகைகளுள் ஒன்று பெஜவாடாவிலிருந்து வெளிவந்த சுவராஜ்யா என்னும் தெலுங்கு வார ஏடு. அதனை நடத்திய காடிசெர்ல அரிசர்வோத்தம ராவ் அந்த எழுத்துக்காக இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வேலூர்ச் சிறையில் இருந்தார். தாமிரபரணிக் கரையிற் சிந்திய குருதிக்காகக் கிருஷ்ணா நதிக்கரையில் ஒருவர் விலங்கு பூண்டார். அப்போது இவ்விரு கரைகளும் ஒரே மாகாணம்; மேல்முறையீட்டுக்கு ஒரே உயர்நீதிமன்றம். நாம் நிற்கும் இந்த மண்ணும் அப்படியே. சித்தூர் மாவட்டம் 1911-ல் அமைந்தது. அதிலிருந்து திருப்பதி மாவட்டம் 2022-ல் பிரிந்தது. ஆந்திரத்துக்குக் குண்டூரில் தனி உயர்நீதிமன்றம் 1954 ஜூலையில் ஏற்படும் வரையில் இவ்வட்டாரத்து வழக்குகளும் சென்னைக்கே சென்றன. திருநெல்வேலித் தீர்ப்பைத் திருத்திய அதே மன்றம்தான் இவ்வூர்க்காரருக்கும் கடைசிப் புகலிடமாக இருந்தது.

இனி வழக்குக்கு வருகிறேன். சிவாவின் மீது சாட்டிய குற்றம் இராஜத் துரோகம். அதாவது இந்தியத் தண்டனைச் சட்டம் 124-ஏ பிரிவு. சிதம்பரனார் மீது இரண்டு குற்றங்கள். தாமே பேசிய பேச்சுக்காக 124-ஏ. சிவாவுக்கு வீட்டில் இடமும் உணவும் தந்து அவர் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்காக மற்றொன்று. விசாரித்தவர் கூடுதல் செசன்சு நீதிபதி ஏ. எஃப். பின்ஹே. எதிரிகள் தரப்பிற் சாட்சி சொன்னவர்களுள் சுப்பிரமணிய பாரதியாரும் ஒருவர். 1908 ஜூலை 7-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. இராஜத் துரோகத்துக்காகச் சிதம்பரனாருக்கு ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை. உடந்தைக் குற்றத்துக்காக இன்னொரு ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை. ஒன்று முடிந்தபின் மற்றொன்று. சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்தரம்.

மேலே சொன்னதை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பேசியவர் சிவா, அவருக்குப் பத்தாண்டு. அந்தப் பேச்சுக்கு உடந்தை என்று சொல்லப்பட்டவர் சிதம்பரனார். அவருக்கு அதே பேச்சுக்காக ஆயுள். விளக்கை ஏற்றியவனுக்கு ஒரு பங்கு, எண்ணெய் ஊற்றியவனுக்கு இரண்டு பங்கு! உடந்தையாளனுக்கு முதற்குற்றவாளியின் அளவுக்குத் தண்டனை தரச் சட்டம் இடம் கொடுக்கிறது, அது உண்மை. ஆயினும் ஒரே நீதிபதி, ஒரே நாளில், ஒரே செயலுக்கு இருவரை நிறுத்தபோது முள் இப்படி ஆடியதென்றால், நிறுக்கப்பட்டது செயல் அன்று, ஆள். கப்பல் விட்டவர், மில் தொழிலாளரை எழுப்பியவர், ஒரு மாவட்டமே பின்செல்லும் மனிதர் என்பன எல்லாம் அந்தத் தட்டில் ஏறி அமர்ந்துவிட்டன. அவர் சிறையில் இருந்தபோது நடந்த மார்ச் 13-ஆம் நாள் கலவரத்தின் நிழலும் அதில் விழுந்தது என்றே நான் கருதுகிறேன்.

நாற்பது என்னும் எண் எப்படி வந்தது? ஆயுள் என்பதற்கு எண் கிடையாது. தண்டனைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தண்டனையைப் பின்னமாகக் கணக்கிட நேரும்போது ஆயுட்காலத் தீவாந்தரத்தை இருபது ஆண்டாகக் கொள்ளச் சொல்லிற்று. அந்தக் கணக்கை மக்கள் எடுத்துக்கொண்டனர். இரண்டு இருபது நாற்பது. அப்போது சிதம்பரனாருக்கு வயது முப்பத்தைந்து. 1908-ஓடு நாற்பதைக் கூட்டினால் 1948 ஆகிறது. பிரிட்டிஷ் ஆட்சி இந்நாட்டை விட்டகன்றது 1947 ஆகஸ்டில். தண்டனை கொடுத்த ஆட்சியின் எஞ்சிய ஆயுளைவிடத் தண்டனையின் நீளம் ஏறத்தாழ ஓராண்டு அதிகம்! பின்ஹே துரைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தால் எழுதுகோல் சற்றுத் தயங்கியிருக்குமோ என்னவோ.

124-ஏ பிரிவின் அகலத்தையும் பார்க்க வேண்டும். அன்றைய சட்டப்படி, ஆயுட்காலத் தீவாந்தரம் அல்லது அதற்குக் குறைந்த எந்தக் காலமும் தரலாம். மூன்றாண்டுக்கு மேற்படாத சிறை தரலாம். வெறும் அபராதத்தோடும் விடலாம். சில ரூபாய் அபராதம் முதல் ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதும் வரையில் நீதிபதியின் கைக்குள் அடக்கம். நடுவில் எங்கே நிற்பது என்று சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோடுகள் பொறிக்கப்படாத அளவுகோலைக் கையிற் கொடுத்து அளக்கச் சொன்னது போன்றதே இது. இந்தக் குறை அந்தக் காலத்தோடு ஒழிந்துவிடவில்லை. 2003-ல் மலிமத் குழு நம் நாட்டில் தண்டனை அளவுக்கு வழிகாட்டும் நெறிகள் வேண்டும் என்று சொன்னது. இங்கிலாந்தில் அதற்கென்றே 2010-ல் ஒரு மன்றம் அமைந்தது. ஓர் ஆயுளின் மேல் மற்றோர் ஆயுளை அடுக்கலாமா என்னும் கேள்விக்குக் கூட, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 2016-ல்தான் நம் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு விடை கூறியது. மனிதனுக்கு இருப்பது ஓருயிர். ஆகவே ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். 1908-ல் ஒட்டப்பிடாரத்துப் பாட்டி ஒருத்தியைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

தீர்ப்பு வீட்டில் இடியாக விழுந்தது. சிதம்பரனாரின் தம்பி மீனாட்சிசுந்தரம் செய்தி கேட்டுச் சித்தம் கலங்கினார். வாழ்நாள் முழுவதும் அவருக்குத் தெளிவு திரும்பவே இல்லை. இந்தத் தண்டனை எந்த நீதிமன்றப் பதிவிலும் எழுதப்படவில்லை. இதைக் குறைக்க எந்த மேல்முறையீட்டு மன்றமும் இல்லை. தண்டனைகளைக் கணக்கெடுப்போர் ஆண்டுகளை எண்ணுகிறார்கள். மீனாட்சிசுந்தரத்தின் ஆண்டுகளை எந்தப் பத்தியில் எழுதுவது?

இலண்டனிலும் இத்தீர்ப்பு முகஞ்சுளிக்க வைத்தது. இந்தியா மந்திரியாக இருந்த மார்லி, வைசிராய் மிண்டோவுக்கு எழுதிய கடிதத்தில், இவ்வளவு கொடிய தண்டனைகளைத் தம்மால் ஆதரித்துப் பேச இயலாது என்னும் கருத்தை வெளியிட்டார். மார்லி நமக்கு நண்பர் என்று யாரும் எண்ண வேண்டா. பேரரசைக் காக்க விரும்பியவரே அவரும். ஆனால் மிகையான தண்டனை ஆட்சியைக் காப்பதற்கு மாறாக அதன் அடித்தளத்தையே அரிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திருநெல்வேலித் தீர்ப்பு வந்து பதினைந்தாம் நாள், ஜூலை 22-ல், பம்பாயில் லோகமான்ய திலகருக்கு அதே குற்றத்துக்காக ஆறாண்டுத் தீவாந்தரம் விதிக்கப்பட்டது. அகில இந்தியாவும் தலைவர் என்று போற்றியவருக்கு ஆறு. அவரைத் தலைவராகக் கொண்ட தூத்துக்குடி வக்கீலுக்கு நாற்பது. பம்பாயில் வழக்கு உயர்நீதிமன்றத்தில், ஜூரிகளின் முன், உலகம் பார்க்க நடந்தது. திருநெல்வேலியில் மாவட்டத்துத் தலைநகரில், கலவரத்தின் புகை அடங்குமுன், அம்மாவட்டத்து அதிகாரிகளின் அச்சத்துக்கு நடுவே நடந்தது. தூரத்து மன்றத்திற் சினம் ஆறிப் போகிறது. பக்கத்து மன்றத்திற் கொதிக்கிறது. ஒரு வட்டாரத்து நீதிமன்றத்தின் தண்டனைகளை ஆராய்கிறவர்கள் முதலில் அந்த வட்டாரத்தின் அந்த மாதத்து வெப்பத்தை அளந்துகொள்ள வேண்டும் என்பேன்.

மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட் முன்னிலையில் விசாரணை நடந்து, 1908 நவம்பர் 4-ல் முடிவு வந்தது. சிதம்பரனார் குற்றவாளி என்ற முடிவை உயர்நீதிமன்றம் மாற்றவில்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அன்றைய சட்டத்தின்படி அவர் பேசியது இராஜத் துரோகமே. அந்த ராஜாவுக்குத் துரோகம் செய்யத்தானே அவர் பேசினார்? மாறியது அளவு மட்டும். நாற்பது ஆறு ஆயிற்று. சிவாவின் பத்தும் குறைந்தது. திலகருக்கும் ஆறு, சிதம்பரனாருக்கும் ஆறு. 1922-ல் அகமதாபாத்தில் காந்தியடிகளுக்கு அதே பிரிவின்கீழ்த் தண்டனை விதித்த நீதிபதி, திலகரின் வழக்கை எடுத்துக்காட்டி அவருக்கும் ஆறே தந்தார். சட்டப் புத்தகம் பொறிக்காத கோட்டை வழக்கம் பொறித்துக்கொண்டது.

ஆறு என்றால் சிறிது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தமானுக்கு அவர் போகவில்லை; கோயம்புத்தூர்ச் சிறைக்கும் பின் 1910 டிசம்பரிற் கண்ணனூர்ச் சிறைக்கும் போனார். அரசியற் கைதி என்ற தனி மதிப்பு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. சணல் கிழிக்கும் எந்திரத்தில் வேலை செய்து உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. அதன் பிறகு எண்ணெய்ச் செக்கில் மாட்டினார்கள். வக்கீல் கை, எழுதிப் பழகிய கை. தீர்ப்புத் தாளில் ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். அந்த ஆண்டுகளுக்குள் என்ன நிரப்புவது என்பதைச் சிறை அதிகாரிகளே முடிவு செய்கிறார்கள். அதற்கு அப்பீல் இல்லை. சிதம்பரனார் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டிக் காந்தி மண்டபத்தில் இருக்கிறது. விடுமுறைக்குச் சென்னை வழியே செல்லும் தோழர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அச்சிறையில் அவர் தமிழைக் கைவிடவில்லை. தமிழும் அவரைக் கைவிடவில்லை. திருக்குறளும் தொல்காப்பியமும் படித்தார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கினார். மெய்யறம் என்னும் அறநூலைச் செய்தார். செக்குலக்கையிற் பூட்டப்பட்ட ஒருவர், வாழ்வு மனத்தைப் பொறுத்தது என்று கூறும் நூலை அமர்ந்து மொழிபெயர்த்தார். இதில் பிடிவாதம் எவ்வளவு, ஆறுதல் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவர் சிறையில் இருந்தபோதே, 1911-ல், சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்திற் கலெக்டர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுடப்பட்டு இறந்தார். நாற்பதாண்டுத் தண்டனை தென்பாண்டிச் சீமையை அடக்கிவிடும் என்று நம்பியவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்?

1912 டிசம்பரிற் கண்ணனூர்ச் சிறையின் கதவு திறந்தது. கைதான நாளிலிருந்து எண்ணினால் நான்கு ஆண்டு ஒன்பது மாதங்கள் கழிந்திருந்தன. 1908-ல் அவருக்காக ஊர் எரிந்தது. 1912-ல் அவரை வரவேற்க வந்தவர்கள் மிகச் சிலர். சிவா முன்னரே விடுதலையாகியிருந்தார். சிறை அவருக்குத் தொழுநோயைக் கொடுத்து அனுப்பியிருந்தது. அவர் 1925-ல் நாற்பது வயதிற் பாப்பாரப்பட்டியில் மறைந்தார்.

விடுதலைக்குப் பின் தொடங்கிய தண்டனை முன்னதைவிட நீண்டது. குற்றவாளி என்று தீர்ப்பானதால் வக்கீல் உரிமம் போயிற்று. கம்பெனி இல்லை. திருநெல்வேலிப் பக்கம் குடியிருக்க அரசாங்கம் விடவில்லை. மனைவி மீனாட்சி அம்மாளோடும் குழந்தைகளோடும் சென்னைக்கு வந்தார். அரிசியும் நெய்யும் விற்றுப் பிழைத்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனத்துக்குத் திட்டமிட்டவர் படி அரிசிக்குக் கணக்குப் பார்த்தார்.

இந்நாட்களைப் பற்றி ஒரு சிறு செய்தியைப் படித்தபோது என் உள்ளம் நெடுநேரம் அதிலேயே நின்றது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள், சிறையில் வாடிய சிதம்பரனாருக்கென்று பணம் திரட்டினர். அது காந்தியடிகளிடம் சேர்ந்திருந்தது. 1915-ல் அடிகள் இந்தியா திரும்பிச் சென்னைக்கு வந்தபோது இருவரும் சந்தித்தனர். பின்பு அந்தப் பணத்தைக் குறித்துக் கடிதங்கள் போயின, வந்தன. தனக்கு இப்போது பெருந்தேவை இருக்கிறது என்பதைச் சிதம்பரனார் ஒளிக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. 1916-ல் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. கரும்புத் தோட்டத்திலும் சுரங்கத்திலும் உழைத்த சனங்கள், தாங்கள் பார்த்திராத ஒரு மனிதனுக்காகக் கொடுத்த காசு அது. பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணில் வாழும் குடும்பத்திற் பிறந்தவன் நான். அந்த 12 அணா எனக்கு அந்த 347 ரூபாயைவிடக் கனமாகத் தெரிகிறது.

சென்னையில் அவர் தொழிலாளர் சங்கங்களுக்கு உழைத்தார். 1920-ல் ஒத்துழையாமைத் திட்டம் அவர் உள்ளத்துக்கு ஒவ்வவில்லை. காங்கிரசிலிருந்து விலகி நின்றார். அதற்காக அவரைக் குறைகூறுவோர் உண்டு. தமக்குச் சரியென்று பட்டதைச் செய்து அதன் விலையைக் கொடுத்துப் பழகியவர், அப்போதும் அதையே செய்தார். நான் அதற்கு மேல் ஒன்றும் காணவில்லை. இடையில் நூற்பதிப்பு வேலையும் நடந்தது. திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையை 1917-ல் அச்சேற்றினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் பதிப்பித்தார். தமிழ் மன்றங்களிற் பேசுகிற நாம் அவரது இப்பணியைக் கப்பலுக்கு அடுத்தபடியாகவேனும் நினைப்பதில்லை.

வக்கீல் உரிமத்தைத் திரும்பப் பெற அவர் பல ஆண்டு காத்திருந்தார். அது கிடைக்க உதவியவர் ஓர் ஆங்கிலேயர், இ. எச். வாலஸ் என்னும் நீதிபதி. முன்பு திருநெல்வேலியிற் பணியாற்றிச் சிதம்பரனாரை அறிந்தவர். ஆறு என்று குறைக்கப்பட்ட தண்டனை, உண்மையில் அன்றைக்குத்தான் முடிந்தது என்பேன். சிதம்பரனார் தமக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையரை எதிர்த்துக் கப்பல் விட்டவர் தம் மகனைக் கூப்பிடுந்தோறும் ஒரு வெள்ளையரின் பெயரைச் சொன்னார்! ஆட்சியை வேறாகவும் ஆளை வேறாகவும் நிறுக்கத் தெரிந்த தராசு அவர் நெஞ்சில் இருந்தது. பின்ஹே துரையின் மேசையில் இல்லாதிருந்தது அதுவே.

கோவில்பட்டியில் 1924 முதல் சில ஆண்டு வக்கீல் தொழில் செய்தார். 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். வருவாய் போதவில்லை. 1936 நவம்பர் 18-ல், அறுபத்து நான்காம் வயதில், அவ்வூரிலேயே காலமானார். அவரைத் தண்டித்த 124-ஏ பிரிவு சுதந்திர இந்தியாவிலும் நெடுங்காலம் இருந்தது. 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அதைச் செயற்படுத்தாமல் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டமே போய்ப் புதிய சட்டம் வந்தபோது, நாட்டின் இறையாண்மைக்கு ஊறு செய்வது பற்றிய வேறொரு பிரிவு அதனிடத்தைப் பிடித்தது. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது.

சாவதற்கு முன் அவர் எழுதி வைத்த உயில் அச்சில் கிடைக்கிறது. வக்கீல் எழுதிய உயில், ஒழுங்காக இருக்கிறது. அதிற் சொத்துக் கணக்கு சிறிது. கடன் கணக்கே பெரிது. மளிகைக் கடைக்கு இவ்வளவு, ஜவுளிக் கடைக்கு இவ்வளவு என்று ஒன்று விடாமல், யார் யாருக்குத் தாம் தர வேண்டும் என்பதை அவர் குறித்து வைத்திருக்கிறார்.